மஞ்சப்பைக்குள் ஐந்து காப்பீடு, ஆஸ்பத்திரிக்கு ஒன்றுமில்லை: செல்லம்பட்டி வட்டாரத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை மாவட்டம் செல்லம்பட்டி ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் சுமை தூக்கும் தொழிலாளிக்கு மாரடைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் குடும்பத்திடம் மருத்துவக் காப்பீடு இல்லை. இருப்பதாகத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். கிராமங்களில் காப்பீட்டுப் பதிவுக்கு உதவும் களப்பணியாளர்களுக்காகவும் மகளிர் குழு ஊக்குநர்களுக்காகவும் இந்தப் பதிவு எழுதப்படுகிறது. ஆள், ஊர், தனியார் மருத்துவமனை எதுவும் பெயரிடப்படவில்லை.

குடும்பமும் வருமானமும்

அவருக்கு வயது 52. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூடை இறக்கும் வேலை. நள்ளிரவுக்கு முன் ஊரிலிருந்து கிளம்பினால் மறுநாள் முற்பகலில்தான் வீடு திரும்புவார். முகூர்த்த நாட்களில் கை நிறைய வேலை இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் பாதி நாள் சும்மா இருக்க வேண்டும். சராசரியாக மாதம் 17 நாள் வேலை, நாளுக்கு 500 ரூபாய். மனைவிக்கு வயது 46. நூறு நாள் வேலையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 10,000 ரூபாய் வரும். இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,12,000 ரூபாய். மகள் கல்லூரியில் படிக்கிறார். 26 வயது மகன் திருமணமாகி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாதம் 14,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார், குடித்தனமும் அங்கேதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய்; 2022 முதல் 1,20,000 ரூபாய். பழைய வரம்பில் இந்தக் குடும்பம் சேர்ந்திருக்க முடியாது. வரம்பு உயர்ந்த செய்தி வீடு வந்து சேரவில்லை. ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடும் இவருக்கு இல்லை. அதற்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் வேண்டும். சம்பளப் பட்டியல் போட்டுச் சந்தா கட்டும் முதலாளியும் வேண்டும். கமிஷன் கடையில் மூடைக் கணக்குக்குக் கூலி வாங்குபவருக்கு இரண்டுமே கிடையாது.

அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் ஊருக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் வந்ததெல்லாம் காலை வேளையில். அப்போது இவர் மார்க்கெட்டில் இருப்பார். மனைவியின் அளவு மட்டும் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது.

பைக்குள் இருந்தவை

வீட்டின் முக்கியமான தாள்கள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருந்தன. காப்பீடு என்று அவர்கள் நினைத்தவை அதில் ஐந்து. ஐந்தையும் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு: பதிவுக்குப் போகும் களப்பணியாளரிடம் “எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குங்க” என்று சொல்லப்படும் வீடுகளில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

முதலாவது, 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை. குடும்பப் படம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. 2012 ஜனவரியில் இப்போதைய திட்டம் வந்த பிறகு அந்த அட்டைக்குப் பயன் இல்லை. மக்கள் வாயில் இன்றும் புதிய அட்டைக்கும் “கலைஞர் கார்டு” என்றே பெயர். அதனால் பழையதைக் கையில் வைத்திருப்பவர் புதியதைத் தேடுவதே இல்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் வங்கிப் பாஸ்புக்கில் இருந்த இரண்டு வரிகள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படுவது பிரதமரின் விபத்துக் காப்பீடு: விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 2 லட்சம் வரை. 436 ரூபாய் பிடிக்கப்படுவது ஆயுள் காப்பீடு: இறந்தால் 2 லட்சம். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இரண்டும் ஒரு ரூபாய்கூடத் தராது. நான்காவது, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டை. படிப்பு, திருமணம், இயற்கை மரணம், விபத்து மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை தரும் அட்டை அது. மருத்துவமனைப் பில்லைக் கட்டாது. ஐந்தாவது, குழுக் கடன் வாங்கியபோது “இன்சூரன்ஸ்” என்று பிடித்த பணத்துக்கான சீட்டு. கடன் வாங்கியவர் இறந்தால் கடன் நிலுவையை அடைப்பதற்கானது. அது காப்பது கடன் கொடுத்தவரை.

முதல் நாள்: நான்கு மணியிலிருந்து நண்பகல் வரை

புதன்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு நெஞ்சில் பாரம். வாய்வு என்று நினைத்துச் சோடா குடித்தார். இன்னும் நான்கு மூடை இறக்கினார். ஐந்தரைக்கு வேர்த்துக் கொட்டி, இடது கை இழுத்தது. உடன் வேலை பார்ப்பவர்கள் ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு இராசாசி (ராஜாஜி) மருத்துவமனை அந்த நேரத்தில் ஆட்டோவுக்கு எட்டாத தூரம் இல்லை. “பெரியாஸ்பத்திரியில் கூட்டமா இருக்கும், உயிர் போயிரும்” என்ற பேச்சில் முடிவாகிவிட்டது.

5:50க்கு ஈ.சி.ஜி. எடுத்ததில் மாரடைப்பு உறுதியானது. 6:30க்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து, 15 லட்சம் யூனிட், ஏற்றப்பட்டது. வலி தொடங்கி இரண்டரை மணி நேரத்தில் மருந்து உள்ளே போனதால்தான் பிற்பாடு நடந்தவை எல்லாம் சாத்தியமாயின. தனியார் மருத்துவமனை மருத்துவத்தில் தவறு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

50,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். கமிஷன் கடை முதலாளி 20,000 கொடுத்தார். அட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. உடன் வந்தவர்களும் சொல்லவில்லை. மனைவி ஒன்பது மணிக்கு மஞ்சப்பையோடு வந்து சேர்ந்தார். காப்பீட்டு மேசையில் இருந்தவர் ஐந்து தாள்களையும் பார்த்துவிட்டு, ரேஷன் கார்டு எண்ணைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். பெயர் இல்லை. அந்த மருத்துவமனை இதய சிகிச்சைக்குத் திட்டத்தில் சேர்ந்ததுதான். திட்டத்தில் பதிந்த காப்பீட்டு எண் மட்டும் இருந்திருந்தால் மேற்கொண்டு கட்டணம் இல்லாமல் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். எண் இல்லாததால் ஆஞ்சியோவுக்கும் (இதய ரத்தக்குழாயைப் படமெடுத்து அடைப்பைப் பார்ப்பது) ஒரு ஸ்டென்ட்டுக்கும் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) 1,70,000 ரூபாய் ஆகும் என்று சொன்னார்கள்.

இடம் மாற்றும் முடிவு

குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி அங்கேயே ஸ்டென்ட் வைப்பது ஒன்று. ராஜாஜிக்கு மாற்றுவது இன்னொன்று. உறவினர்கள் முதல் வழிதான் பேசினார்கள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய குழு ஊக்குநர் இரண்டாவதைச் சொன்னார். காரணங்கள் மூன்று: அரசு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்க அட்டை தேவையில்லை, உள்நோயாளியாக இருக்கும்போதே புதிதாக அட்டை வாங்க முடியும், முக்கியமாக, இந்தத் திட்டம் பணமில்லாச் சிகிச்சைக்கானது, கட்டிய பணத்தைத் திருப்பித் தராது. அப்போது கட்டி வைத்துப் பிறகு அட்டை வாங்கித் திரும்பப் பெறலாம் என்று உறவினர் ஒருவர் நினைத்திருந்தார். அந்த நினைப்பில்தான் பல வீடுகளில் பத்திரம் அடகுக்குப் போகிறது.

மருத்துவர் சம்மதிக்காமல் மாற்றக்கூடாது என்பதில் ஊக்குநர் உறுதியாக இருந்தார். பதினொரு மணி ஈ.சி.ஜி.யில் மாரடைப்பின் மாற்றம் குறைந்திருந்தது, வலி இல்லை, ரத்த அழுத்தம் நிலையாக இருந்தது. மருத்துவர் ஒப்புக்கொண்டார். கையோடு வாங்கிப் போகச் சொன்னவை: எடுத்த எல்லா ஈ.சி.ஜி.களின் பிரதி, செலுத்திய மருந்தின் பெயர், அளவு, நேரம். மருந்து பற்றிய விவரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒருமுறை ஏற்றினால் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாகிவிடும். திரும்ப ஏற்றுவது சரியல்ல. ஏற்றிய நேரத்தைக் கொண்டுதான் ஆஞ்சியோ எப்போது என்பதும் முடிவாகும். வழக்கமாக 3 முதல் 24 மணி நேரத்துக்குள்.

நண்பகலில் பில் 38,400 ரூபாய். முதலாளி கொடுத்த 20,000 போக, மனைவியின் கம்மல் 15,000க்கு அடகு போனது. மீதி 3,400 கைக்காசு.

தாள்களின் பின்னால் ஆறு நாள்

வியாழக்கிழமை காலை ராஜாஜியில் ஆஞ்சியோ செய்யப்பட்டது. இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. மருந்து வேலை செய்திருந்ததால் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. அதே சேர்க்கையிலேயே ஸ்டென்ட் வைப்பது, அதற்குள் காப்பீட்டு எண் வாங்கி வருவது என்று முடிவானது. இந்தக் காத்திருப்பு மருத்துவரீதியாகத் தாங்கக்கூடியதாக இருந்தது அதிர்ஷ்டம். வலி திரும்பியிருந்தால் காத்திருக்க முடியாது. அவசரத்துக்குத் தொலைபேசி வழியாக முன் அனுமதி வாங்கும் ஏற்பாடு திட்டத்தில் உண்டு. ஏற்கெனவே பதிவாகியிருக்கும் குடும்பத்துக்குத்தான் அது கைகொடுக்கும்.

தேவைப்பட்டவை வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டின் பிரதி. காகிதத்தில் பார்த்தால் ஒரு நாள் வேலை. இரண்டு இடத்தில் முட்டியது.

முதல் முட்டு குடும்ப அட்டை. அதில் குடும்பத் தலைவராக இருந்தவர் நோயாளியின் தாயார். இறந்து இரண்டு ஆண்டாகிவிட்டது. பெயரை நீக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் நேர்மையானது: முன்னுரிமை அட்டையில் ஆள் ஒன்றுக்கு 5 கிலோ அரிசி; பெயரை எடுத்தால் அரிசி குறையும். தலைவரையே நீக்கினால் அட்டையே ரத்தாகிவிடும் என்ற பயமும் இருந்தது. அப்படி ரத்தாகாது, தலைவர் மாற்றத்துக்கும் பெயர் நீக்கத்துக்கும் தனித்தனியே விண்ணப்பம் உண்டு. ஆனால் இறப்புச் சான்று வேண்டும். அதைத் தேடி எடுக்கவே வியாழன் மாலை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை உசிலம்பட்டி வட்ட வழங்கல் அலுவலகத்தில் சேர்க்கைச் சீட்டைக் காட்டி அவசரம் என்று சொன்ன பிறகு விண்ணப்பம் நகர்ந்தது.

இரண்டாவது முட்டு மகனின் சம்பளம். மகன் பெயர் இன்னும் பெற்றோர் அட்டையில்தான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது, கிராம நிர்வாக அலுவலர் இயல்பாகவே அதையும் கேட்டார். ஆண்டுக்கு 1,68,000 ரூபாயைச் சேர்த்தால் வரம்பு எங்கோ போய்விடும். இதில் ஒரு முரண் இருக்கிறது. திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் தகுதியுள்ளவர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைகள் வேலைக்குப் போகும்வரை, திருமணமாகும்வரை, அல்லது 25 வயதுவரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை. ஆக, மகனுக்கு இந்த அட்டையில் சிகிச்சை கிடையாது. அவர் சம்பளம் மட்டும் கணக்கில் வந்து நிற்கும். சம்பளத்தை மறைக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஊக்குநர் அதற்கு இணங்கவில்லை. மகனே நேரில் போய், திருமணமாகித் திருப்பூரில் தனிக்குடித்தனம் இருப்பதை வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிச் சொன்னார். தாயார் பெயரோடு சேர்த்துத் தன் பெயரையும் அட்டையிலிருந்து நீக்க விண்ணப்பித்தார். விசாரணைக்குப் பிறகு பெற்றோர் வருமானம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

சனி, ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை மாலை சான்றும் வந்தது, அட்டை மாற்றமும் ஏறியது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு நாள், கூட்டம் நெரியும். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே அந்த அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தின் முன் மனைவியும் மகளும் நின்றார்கள். ரேஷன் கார்டின் அசல், ஆதார் அசல், வருமானச் சான்று, சேர்க்கைச் சீட்டு நான்கும் கையில் இருந்ததால் பன்னிரண்டரைக்கு எண் கிடைத்தது. அட்டை அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம், எண் போதும். அன்று மாலையே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவிலிருந்து முன் அனுமதிக் கோரிக்கை போனது, புதன்கிழமை அனுமதி வந்தது, வியாழக்கிழமை ஸ்டென்ட். சனிக்கிழமை, பதினொன்றாவது நாள், வீடு திரும்பினார். ராஜாஜியில் சிகிச்சைக்கென்று குடும்பம் எதுவும் கட்டவில்லை.

செலவுக் கணக்கு

தனியார் மருத்துவமனை 38,400. ஆம்புலன்ஸ் 2,000. பதினொரு நாளும் இருவர் உடனிருந்த சாப்பாடு, உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் ஓடிய பஸ், ஆட்டோ, ஜெராக்ஸ், சான்றுக் கட்டணம் எல்லாமாக 7,250. மொத்தம் 47,650 ரூபாய். ஆம்புலன்ஸுக்கும் அலைச்சலுக்குமாக ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 10,000 வாங்கினார்கள். இதில் சேராதது, இரண்டரை மாதம் இழந்த கூலி: சுமார் 21,000.

முதலாளியின் 20,000க்கு வட்டி இல்லை. வேலைக்குத் திரும்பியதும் நாளுக்கு 100 ரூபாய் பிடித்தம். மூடை தூக்கக் கூடாது என்பதால் இப்போது எடை போடும் வேலை, நாளுக்கு 350. அதில் நூறு போனால் மிச்சம் 250. மாதம் 17 நாள் வேலை என்ற கணக்கில் கடன் அடைய ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும்.

வீடு திரும்பிய பிறகு

காப்பீடு படுக்கையில் இருக்கும்வரைதான். தினசரி மாத்திரை அதற்குள் வராது. ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் சேர்த்து வழக்கமாக ஓர் ஆண்டு விடாமல் எடுக்க வேண்டும். இடையில் விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். மூன்றாம் மாதம் இவர் பன்னிரண்டு நாள் குளோபிடோகிரெலை விட்டிருந்தார். ராஜாஜியில் கொடுத்தது தீர்ந்துவிட்டது. மறுபடி வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று தள்ளிப் போட்டிருக்கிறார். நெஞ்சுவலி இல்லாததால் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. அட்டையைப் பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர் மாத்திரை டப்பாவையும் பார்த்ததில் இது வெளிவந்தது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் வாங்க ஏற்பாடானது. வாங்கி வருவது மனைவியின் பொறுப்பு.

எங்கே வேறு மாதிரி செய்திருக்கலாம்

பதிவு வேலையை நோய் வராத காலத்தில் செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பயனுள்ளது, எந்த வரிசையில் செய்வது என்பது. இந்த வீட்டில் வருமானச் சான்றிலிருந்து தொடங்கியது தவறு. முதலில் குடும்ப அட்டையைச் சரிசெய்ய வேண்டும்: இறந்தவர் பெயர், தலைவர் பெயர், தனிக்குடித்தனம் போன பிள்ளையின் பெயர், ஆதாரில் உள்ளபடியே தலைப்பெழுத்து. அதன் பிறகுதான் வருமானச் சான்று. கடைசியில் கலெக்டர் அலுவலகம். வரிசை மாறினால் ஒவ்வொரு மேசையிலும் திருப்பி அனுப்புவார்கள்.

களப்பணியாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் “காப்பீடு இருக்கிறதா” என்று கேட்பதைவிட, ரேஷன் கார்டை வாங்கி அந்த எண்ணை அங்கேயே திட்டத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது மேல். அல்லது 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். காப்பீட்டு எண் இருந்தால் அதை மஞ்சப்பைக்குள் வைத்துவிட்டு வரக் கூடாது. வேலைக்குப் போகிறவரின் போனிலும், அவரோடு வேலை செய்யும் ஒருவரின் போனிலும் ஏற்ற வேண்டும். இவர் விழுந்தபோது பை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

மருத்துவமனை வாசலில் முதல் கேள்வி பணத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இந்த நோய்க்கு இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஒரே மருத்துவமனை எலும்பு முறிவுக்குச் சேர்ந்திருக்கும், இதயத்துக்குச் சேர்ந்திருக்காது. அட்டையைச் சொல்லாமல் முன்பணம் கட்டியபின் அதைத் திட்டத்துக்குள் கொண்டுவருவது கடினம். சாலை விபத்து மட்டும் விலக்கு: இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை கேட்கக் கூடாது. மாரடைப்புக்கு அது பொருந்தாது. இந்த வீட்டு உறவினர் ஒருவர் பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

ஊரில் வலி வந்திருந்தால் இன்னொரு வாய்ப்பும் இருந்தது. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 14 மாத்திரைகள் ஒரே வேளையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோகிரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. இரவு வேலை பார்க்கும் மார்க்கெட் தொழிலாளர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

மகனின் சம்பளச் சீட்டு

இது கடைசியில் தெரிந்தது. முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது. தனிக்குடித்தனத்துக்கு ஆதாரமாக மகன் கொண்டுவந்த சம்பளச் சீட்டில் மாதம் 105 ரூபாய் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது, 14,000க்கு 0.75 சதவீதம். ஈ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றவரின் குடும்பம் என்பதில் அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் அடக்கம். பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தந்தையின் வருமானம் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது. இப்போதைய கூலியில் அதற்கு நன்றாகக் கீழே. வேலைக்குச் சேர்ந்தபோது குடும்ப விவரப் படிவத்தில் மகன் மனைவி பெயரை மட்டும் எழுதியிருந்தார். அப்பா அம்மாவை எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது குடும்ப விவரத்தைத் திருத்தும் படிவத்தைக் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். இதை எழுதும்வரை பெற்றோர் பெயர் ஏறவில்லை. திருப்பூரில் மகன் புதிதாக எடுக்க வேண்டிய ரேஷன் கார்டும் இன்னும் விண்ணப்ப நிலையிலேயே இருக்கிறது.